பாக்கெட் ஜாக்கிரதை!

ஸ்கூல் டூர் என்றால் ஊட்டி, கொடைக்கானல், மிஞ்சினால் மகாபலிபுரம். ஒரு பள்ளியில் புது ஸயன்ஸ் டீச்சர் 'மன்னார் வளைகுடா' என்றதும் ஹெட்மாஸ்டர் கேட்ட முதல் கேள்வி: "அங்கே சாப்பாடு கிடைக்குமா டீச்சர்?"

கிடைக்காது ஸார். தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 குட்டித் தீவுகள். 1986-லிருந்து தேசியப் பூங்கா. (சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டி வெட்டியே இரண்டு தீவுகளைக் கடலுக்குத் தாரை வார்த்தாச்சு!) படகைப் பேசி நைஸாக இறங்கிவிட முடியாது. ராமநாதபுரத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளருக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கணும். எத்தனை பிள்ளைகள், எத்தனை வாத்தியார்கள், என்றைக்கு... எல்லாம் விவரமாக.

அதைவிடப் பெரிய வேலை, பிள்ளைகளைத் தயார் பண்ணுவது. பவளம் வெறும் கல்லில்லை, உயிர். மிதித்தால் போச்சு. சங்கு, சிப்பி, கடலட்டை எதிலும் கை வைக்கக் கூடாது. 'ஒண்ணே ஒண்ணு ஸார்' என்று கெஞ்சுவார்கள். அந்தத் தீவுகளை ஒட்டிப் பாசி எடுத்துப் பிழைத்த மீனவப் பெண்களையே 'வராதே' என்று சொல்லியிருக்கிறோம். டூர் வந்த பிள்ளைக்கு மட்டும் சலுகையா?

டீச்சர் இவ்வளவையும் சொல்லி முடித்தார். ஹெட்மாஸ்டர் யோசித்தார்.

"பாக்கெட் இல்லாத டிராயர் தைக்க எத்தனை நாளாகும் டீச்சர்?"