கைவேலை அறிந்தவர் படைத்த றோபோக்கள்

றோபோ என்னும் சொல்லை 'இயந்திர மனிதன்' என்று மொழிபெயர்த்து எழுதிப் பழகிவிட்டோம். அம்மொழிபெயர்ப்பு நம் பிள்ளைகளுக்குப் பிழையானதொரு படத்தைக் காட்டிவிட்டது என்பது என் எண்ணம். எமது பாடசாலையின் மேற்பிரிவு மாணவரிடம் ஒரு றோபோவை வரையச் சொன்னால், தலையும் இரு கண்களும் இரு கால்களும் உடைய உருவத்தையே பெரும்பாலோர் வரைவர். திரைப்படங்களில் அவர்கள் காண்பதும் அதனையே. ஆனால் இந்நாட்டின் தொழிற்சாலைகளில் உழைக்கும் றோபோவுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. மேசையிலோ தூணிலோ பொருத்தப்பட்ட ஒற்றைக் கையாக அது நிற்கும். களஞ்சியங்களில் சில்லுப் பூட்டிய தட்டையான பெட்டியாக ஓடும். வயலிலே சூரியத் தகடுகளைக் கூரையாகச் சுமந்து மெல்ல ஊரும் இரும்புச் சட்டமாகவும் அது இருக்கும். இவற்றை ஆக்கியோர் யாவர், எவ்வாறு ஆக்கினர் என்பதை மாணவரும் பெற்றோரும் அறிதல் நன்று. அவ்வரலாற்றில் நம் குடும்பங்களுக்கு உரியதொரு செய்தி இருக்கிறது.

நாம் வாழும் டென்மார்க் நாட்டின் ஃபூன் தீவிலுள்ள ஓடென்சே நகரை, ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் பிறந்த ஊர் என்றே நம் பிள்ளைகள் படிக்கின்றனர். இன்று அந்நகரிலும் சுற்றுப்புறத்திலும் றோபோக்களையும் தாமாக இயங்கும் இயந்திரங்களையும் ஆக்குவனவும், அவற்றுக்குத் துணை நிற்பனவுமாக நூற்றுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் உள்ளன. இதற்கு வேராக அமைந்தது ஒரு கப்பல் கட்டுந்தளம். ஓடென்சேக்கு அண்மையில் லிண்டோ என்னுமிடத்தில் மேர்ஸ்க் நிறுவனத்தார் பெருங்கப்பல்களைக் கட்டிவந்தனர். 2006 இல் அங்கு கட்டப்பட்ட 'எம்மா மேர்ஸ்க்' அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய கொள்கலன் கப்பல். நீளம் ஏறத்தாழ 397 மீற்றர். மோட்டார் வாகனத் தொழிற்சாலையில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் றோபோவுக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்தாற் போதும். கப்பலிலோ ஒரு பகுதி மறு பகுதியைப் போல் இருப்பதில்லை. ஆகவே அங்கு வெல்டிங் செய்யும் றோபோவுக்கு ஒவ்வொரு முறையும் புதிய வழியைக் கணித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. இத்தகைய தேவைகளை ஒட்டியே 1997 இல் மேர்ஸ்க் குழுமத்தின் தலைவர் மேர்ஸ்க் மக்கினி மொல்லரின் பெயரில், அவர்தம் நன்கொடைத் துணையுடன், ஓடென்சேப் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு நிறுவகம் எழுந்தது.

கட்டுந்தளம் நிலைக்கவில்லை. ஆசியக் கட்டுந்தளங்களின் விலைக்கு ஈடுகொடுக்க இயலாமல் அதனை மூடுவதென 2009 இல் முடிவாயிற்று; 2012 இல் கடைசிக் கப்பலும் வெளியேறியது. இரண்டாயிரத்துக்கு மேற்பட்டோரின் வேலை போயிற்று. ஆயினும் நிறுவகமும் அங்கு வளர்ந்த அறிவும் எஞ்சின.

அங்கு பணியாற்றிய எஸ்பென் ஓஸ்டர்கோர், காஸ்பர் ஸ்டோய், கிறிஸ்டியான் காசோவ் என்னும் மூவர், உணவுத் தொழிற்றுறைக்கு எத்தகைய றோபோ வேண்டுமென ஆராய்ந்தனர். சந்தையில் இருந்தவையோ பாரமானவை, விலை மிக்கவை, வேலிக்குள் அடைத்து வைக்கப்பட வேண்டியவை. அவற்றை இயக்க நிபுணர் ஒருவரும் வேண்டும். சிறு தொழிலகம் ஒன்று இதனை எங்ஙனம் வாங்கும்? இக்கேள்வியிலிருந்தே 2005 இல் யூனிவர்சல் றோபோட்ஸ் என்னும் சிறு நிறுவனம் பிறந்தது. அவர்கள் ஆக்கிய முதற் கையின் நிறை 18.4 கிலோகிராம், தூக்குவது 5 கிலோகிராம், எட்டுவது 850 மில்லிமீற்றர். ஆறு மூட்டுகள் உள்ள அக்கையைத் தொழிலாளி தன் கையாற் பிடித்து நகர்த்தியே, இங்கிருந்து எடு, அங்கே வை என்று பழக்கலாம். எதிர்பாராத தடை ஏற்பட்டால், மோட்டாரில் ஓடும் மின்னோட்டத்தின் மாற்றத்தைக் கொண்டு அதனை உணர்ந்து தானே நின்றுவிடும். 2008 இன் இறுதியில் முதற் கையை வாங்கியது லினாடெக்ஸ் என்னும் டென்மார்க் நிறுவனம். பிளாஸ்ரிக், றப்பர்ப் பொருள்களை வழங்குவது. வேலி எதுவுமின்றி ஆட்களுக்கு அருகிலேயே அதனை நிறுத்தி வேலை வாங்கினர்.

தொடங்கி மூன்றாண்டு கழித்தே முதல் விற்பனை என்பதைக் கவனிக்கவேண்டும். நம்மவர் சீட்டுப் பிடித்துக் கடை திறந்தால் முதல் மாதமே கல்லாவைப் பார்ப்பர். அதிற் குறையில்லை, கடை அப்படிப்பட்டது. கணினிக்கு நிரல் எழுதி விற்பவரும் பிழையை ஓரிரவிற் திருத்தி மறுநாள் அனுப்பிவிடலாம். தொழிற்சாலைக்கு இயந்திரம் விற்பவருக்கு அந்த வசதி இல்லை. அது இரவும் பகலும் ஓடவேண்டும். பற்சில்லு தேய்ந்தால் மாற்றுப் பாகம் உடனே வேண்டும். பழுதானால் ஆள் போகவேண்டும். இதற்கெல்லாம் பொறுமையுள்ள முதல் தேவை. 2008 இல் டென்மார்க் அரசின் முதலீட்டு நிதியம் அவர்களுக்குக் கைகொடுத்தது. 2015 இல் அமெரிக்காவின் ரெறடைன் நிறுவனம் அதனை 285 மில்லியன் டொலர் கொடுத்து வாங்கியது.

இதே காலத்தில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் இன்னொரு முயற்சி நடந்தது. மசாசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் பேராசிரியராக விளங்கிய றொட்னி புறூக்ஸ், 2008 இல் றீதிங் றோபோட்டிக்ஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். வீடு பெருக்கும் 'ரும்பா'வை ஆக்கிய நிறுவனத்தை நிறுவியோருள் அவரும் ஒருவர், திறமைக்குக் குறைவில்லை. 2012 இல் வெளிவந்த அவரது 'பாக்ஸ்ரர்' ஏறத்தாழ 22,000 டொலருக்கு விற்கப்பட்டது. இரு கைகளும், திரையிலே கண் சிமிட்டும் முகமும் அதற்கு இருந்தன. பத்திரிகைகள் கொண்டாடின. அதன் மூட்டுகளில் வில்லமைப்பு இருந்தமையால் மோதினாலும் நோகாது. அதே காரணத்தால் நுண்ணிய வேலைக்குரிய துல்லியமும் குன்றியது. ஓடென்சேக் கையோ ஒரே புள்ளிக்கு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்குள் திரும்பி வரும். முகமில்லாத கை விற்பனையாயிற்று. முகமுள்ளதை ஆக்கிய நிறுவனம் 2018 ஒக்டோபரில் மூடப்பட்டது. பொருளை வாங்கும் தொழிலகத்தார் சிரிப்பைக் கேட்கவில்லை, துளைக்குள் ஆணி இறங்குகிறதா என்றே பார்த்தனர்.

மனிதருக்கு அருகில் இயந்திரம் உழைப்பதாயின் எவ்வளவு அழுத்தம் நோகும் என்பதையும் யாரேனும் அளக்கவேண்டும். ஜேர்மனியின் மைன்ஸ் பல்கலைக்கழகத்தில் நூறு தொண்டர்களின் உடலில் 29 இடங்களை அழுத்தி, நோவு தொடங்கும் எல்லையை அளந்தனர். 2016 இல் வெளியான ஐ.எஸ்.ஓ. 15066 என்னும் விதிநூலுக்கு அவ்வளவைகள் பயன்பட்டன. நோவைக்கூட எண்ணாக்கி இயந்திரத்துக்குச் சொல்லிவைத்த அந்த நூறு பேரை நினைத்தால் எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

வயற்புறத்துக்கு வருவோம். ஜென்ஸ் வார்மிங், கிறிஸ்டியான் வார்மிங் என்னும் சகோதரர் இருவர் டென்மார்க்கின் விவசாயிகள். பீற்கிழங்குப் பாத்தியில் நாசினி தெளியாமல் களை எடுப்பது எத்துணைச் செலவும் அலுப்பும் என்பதை அனுபவத்தால் அறிந்தவர்கள். 2018 இல் அவர்கள் தொடங்கிய ஃபார்ம்ட்ரொயிட் நிறுவனத்தின் இயந்திரம் சூரிய ஒளியாலே இயங்கி விதையை இடுகிறது. ஒவ்வொரு விதையும் விழுந்த இடத்தைச் செய்மதி வழிகாட்டலால் குறித்து வைத்துக்கொள்கிறது. பின்னர் களையெடுக்க வரும்போது பயிர் எது, களை எது என்று பார்த்து அறிய வேண்டியதில்லை. விதை இட்ட இடத்தை விலக்கி மற்றெல்லாவற்றையும் கிளறுகிறது. கண்ணில்லாமலே களையெடுக்கும் இந்த உத்தியைக் கண்டபோது, யாழ்ப்பாணத்து வெங்காயப் பாத்தியிற் குந்தியிருந்து களை பிடுங்கிய எவருக்கும் 'அட!' என்று வாயில் வரும். விதைத்த கையே களையையும் எடுத்தால் இடம் மறக்காது என்பது தோட்டக்காரனின் அறிவு.

இனி நம் வீடுகளுக்கு வருகிறேன். நம் பெற்றோருட் பலர் இந்நாட்டின் தொழிற்சாலைகளிலே பட்டியோரம் நின்று பிள்ளைகளை வளர்த்தவர்கள். சென்ற ஆண்டு ஒரு தந்தையார் என்னிடம் சொன்னார்: "மாஸ்டர், நான் என்ன வேலை செய்யிறன் எண்டு பிள்ளைக்குச் சொல்லுறேல்லை. அவள் படிச்சு வேற மாதிரி வரட்டும்." அவர் இருபது ஆண்டுகளாகப் பெட்டிகளை அடுக்கும் பகுதியிலே நிற்பவர். அந்த மனவருத்தம் எனக்கு விளங்கும். வன்னியில் கணிதம் கற்பித்த நானும் இங்கு வந்தபின் உணவு பொதி செய்யும் ஓரிடத்தில் இரவு வேலை செய்தேன். அங்கு பெட்டி தூக்கும் இயந்திரக் கை, குளிர்காலத்தில் அட்டை ஈரலித்தால் அடிக்கடி பெட்டியைத் தவறவிடும். உறிஞ்சு கிண்ணங்கள் ஈர அட்டையைப் பற்றுவதில்லை. என்னோடு நின்ற அம்மா ஒருவர் அட்டையைத் தொட்டுப் பார்த்தே, இன்றைக்கு எத்தனையாம் அடுக்கில் விழும் என்று சொல்லிவிடுவார். எந்த விளக்கப் புத்தகத்திலும் அச்செய்தி இருந்ததில்லை; அவரிடம் ஒருவரும் கேட்டதுமில்லை.

றோபோ நிறுவனம் தொடங்குவோர் தேடி அலைவது இத்தகைய செய்தியைத்தான். எந்த வேலை மனிதரின் முதுகை முறிக்கிறது, எங்கே பொருள் வழுக்குகிறது, எவ்விடத்தில் பட்டி நாளுக்குப் பத்து முறை நிற்கிறது என்பவற்றை அறியாதவர் ஆக்கும் இயந்திரம் கண்காட்சியிலே கைதட்டு வாங்கும்; தொழிலகத்தில் மூலைக்குப் போகும். நம் பிள்ளைகள் இரவுணவு மேசையிலே இவ்வறிவைக் கேட்டு வளரக்கூடியவர்கள். அதனை வெட்கம் என்று எண்ணி நாம் மறைத்து வைத்திருக்கிறோம்.

இவ்வியந்திரங்கள் எங்கள் வேலையையே பறிக்குமே என்று பெற்றோர் கேட்பது நியாயம். கடின வேலையை மட்டுமே இயந்திரம் ஏற்கும், மனிதர் மேலான வேலைக்குப் போவர் என்ற சமாதானத்தை நான் முழுதாய் நம்புவதில்லை. ஐம்பத்தைந்து வயதில், டெனிஷ் மொழியும் தட்டுத்தடுமாறும் ஒருவர், பெட்டி அடுக்குவதிலிருந்து றோபோவைப் பழக்குபவராக மாறுவது தானாய் நடக்காது. தொழிற்சங்கத்திற் சேர்ந்து, வேலை நேரத்திலேயே பயிற்சி தரும்படி இப்போதே கேட்பது அவசியம். கூலி உயர்ந்த இந்நாட்டில் இயந்திரம் வருவதை நம் விருப்பு வெறுப்பு நிறுத்தாது. லிண்டோவின் கதவு இயந்திரம் வந்ததனால் மூடப்பட்டதுமன்று.

பிள்ளைகளின் கல்வி குறித்து ஒரு சொல். வைத்தியர், சட்டத்தரணி, பொறியியலாளர் என்ற மூன்று நாற்காலிகளை மட்டும் போட்டுவைத்து, ஒன்பதாம் வகுப்பு முடித்த பிள்ளையை அவற்றிலொன்றில் இருத்தப் பார்க்கிறோம். கையில் திருகுகோலும் கம்பியும் எடுத்தால் முகம் சுளிக்கிறோம். தானியங்கி இயந்திரத் தொழில்நுட்பம், மின்னியல் போன்ற தொழிற்கல்வி முடித்தவர், விரும்பினால் நுழைவுப் பயிற்சி நெறியொன்றின் வழியே பொறியியலும் கற்க இந்நாட்டில் வழியுண்டு. அப்படி வருபவருக்கு இயந்திரத்தின் உள்ளும் தெரியும், அது நிற்கும் இடமும் தெரியும்.

வரும் தவணையில் மேற்பிரிவு மாணவருக்கு 'என் தாய் தந்தையர் செய்யும் வேலை' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதக் கொடுக்கவிருக்கிறேன். பிள்ளை தாளும் பேனையுமாய் வந்து கேட்கும்போது, களைப்பாயிருக்கிறது, பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிடாதீர்கள். காலை எத்தனை மணிக்கு மணியடிக்கும், கையில் முதலில் எதை எடுப்பீர்கள், ஒரு பெட்டியின் நிறை என்ன, இயந்திரம் எங்கே சிக்கும், சிக்கினால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பவற்றையெல்லாம் தமிழிலேயே சொல்லுங்கள். அந்த உறுப்புகளுக்குத் தமிழ்ச்சொல் அகப்படாவிட்டால் டெனிஷ் சொல்லையே எழுதட்டும்; வகுப்பில் இருந்து சேர்ந்து தேடிக்கொள்வோம்.