சொல்லுக்கேற்ற வினை

ஆங்கிலச் சொற்களை நாம் ஒவ்வொன்றாக மனனம் செய்கிறோம். ஆயினும், கட்டுரை எழுதப் புகுங்கால் தடுமாறுகிறோம். காரணம் யாது? ஒரு பெயர்ச்சொல் எந்த வினைச்சொல்லோடு சேரும் என்பதை நாம் கருதிப் பார்ப்பதில்லை.

ரப்பர்த் தோட்டத்தில் பால் எடுக்கும் தொழிலை நம்மவர் ‘மரம் வெட்டுதல்’ என்பர். இதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து, ‘கட் தி ட்ரீ’ என்று எழுதினால், மரத்தையே சாய்த்துவிட்டதாகப் பொருள்படும்! அதற்குரிய ஆங்கில வினை ‘டேப்’ என்பதாகும். அவ்வாறே, நாம் தேநீர் கலக்குகிறோம். ஆங்கிலத்தில் ‘மேக்’ என்பர். நாம் மருந்து சாப்பிடுகிறோம். மலாய் மொழியிலும் ‘மாக்கான் உபாட்’ என்பதே வழக்கு. ஆங்கிலத்திலோ ‘டேக்’ என்றே கூறல் வேண்டும்.

இம்மரபு தமிழுக்கும் புதிதன்று. சோற்றை உண்கிறோம், முறுக்கைத் தின்கிறோம், நீரைப் பருகுகிறோம். பல வினைக்குரிய பொதுச்சொல்லை ஒன்றற்கே உரிய வினையால் முடித்தல் கூடாது எனத் தொல்காப்பியமும் விதி வகுத்துள்ளது. ஆங்கிலச் சொற்சேர்க்கைகளை ஹெரால்டு பாமர் என்னும் அறிஞர் 1933ஆம் ஆண்டிலேயே தோக்கியோவில் தொகுத்து வெளியிட்டார்.

ஆகவே, மாணவச் செல்வங்களே! இனி நம் சொல்லேட்டில் பெயர்ச்சொல்லை அதற்குரிய வினையோடு சேர்த்தே எழுதுவோம். பெற்றோர்களே! ஆங்கிலம் அறியோம் எனத் தயங்க வேண்டா. இரவில் பிள்ளை பாடம் படிக்கையில், “இச்சொல்லோடு எந்த வினை சேரும்?” என்று கேளுங்கள். அவ்வொரு கேள்வியே பிள்ளையைச் சிந்திக்க வைக்கும் என்பது எங்கள் துணிபு.