கணினி வந்தது, கற்பிக்க யார் வருவார்?



பிள்ளைகளின் உயர்தரப் பாடத் தெரிவு பற்றி இப்பக்கத்தில் எழுதிய பின்னர் வந்த கடிதங்களில் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்திருந்தது. "மகளுக்குக் கணினியில் நல்ல விருப்பம். அவளை ஆசிரியையாக்கலாமா? அதற்கு எங்கே, என்ன படிக்க வேண்டும்?" கேட்டவர்களில் வன்னியில் வாழும் மலையகச் சகோதரிகளும் இருக்கிறார்கள். 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறி, அங்கும் 2009 வரை யுத்தத்தைச் சுமந்த குடும்பங்கள் அவை. அவர்களின் அக்காமாரும் தங்கைமாரும் இன்றும் பசறையிலும் லுணுகலையிலும் அப்புத்தளையிலும் இருக்கிறார்கள். ஆகவே நான் பல ஆண்டு கற்பித்த ஊவாத் தோட்டப் பாடசாலைகளை வைத்தே பதில் சொல்கிறேன். அங்கே உள்ள குறை வன்னிக்கும் கிழக்குக்கும் பொருந்தும்.

பெட்டி முதலில், ஆசிரியர் பிறகு

தோட்டப் பாடசாலைகளை 1970களில்தான் அரசு பொறுப்பேற்றது. அதுவரை தோட்ட நிர்வாகத்தின் கீழ் ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், ஐந்து வகுப்பு என்ற நிலைதான். அப்படித் தொடங்கிய பாடசாலைகள் பல இன்று சாதாரண தரம், உயர்தரம் வரை வளர்ந்திருப்பது பெரிய காரியம். ஆனால் கணினி விடயத்தில் ஒரு தலைகீழான வழக்கம் நடந்தது.

2000களில் இடைநிலைக் கல்வி நவீனமயமாக்கல் செயற்றிட்டத்தின் கீழ் ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனுதவியுடன் பாடசாலைகளுக்குக் கணினிக் கற்றல் நிலையங்கள் வந்தன. அதே பத்தாண்டில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் சாதாரண தரப் பாடமாகவும் உயர்தரப் பாடமாகவும் வந்தது. 2009ஆம் ஆண்டை ஆங்கிலத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்குமான ஆண்டு என்று அரசு அறிவித்தது. பின்னர் ஆயிரம் பாடசாலைகளுக்கு மஹிந்தோதய ஆய்வுகூடங்கள் என்றார்கள். 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கியது. ஒவ்வொரு முறையும் பெட்டிகள் லொறியில் வந்து இறங்கின. கற்பிக்கும் ஆளைத் தயார்செய்வது மட்டும் பின்தங்கியே வந்தது.

விளைவை மலைப்பாதையில் ஏறிப்போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பூட்டிய அறை, துணி போர்த்திய கணினிகள். அதிபர் கெட்டவர் அல்லர். பழுதானால் பொருட்பதிவேட்டுக்கு யார் பதில் சொல்வது என்ற பயம் அவருக்கு. பொறுப்பாக நின்ற ஆசிரியையோ கணிதமோ மனையியலோ படித்தவர். "நீ இளம் பிள்ளைதானே, கணினியையும் பார்த்துக்கொள்" என்று அவரிடம் திறப்பைக் கொடுத்திருப்பார்கள்.

ஐந்து நாள் பயிற்சி

அப்படித் திறப்பு வாங்கியவர்களில் நானும் ஒருத்தி. ஐந்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். விரிவுரை சிங்களத்தில் நடந்தது, கைந்நூல் ஆங்கிலத்தில் இருந்தது. தமிழ் ஆசிரியைகள் நான்கு பேர் பின்வரிசையில் இருந்து ஒருவருக்கொருவர் மொழிபெயர்த்துக்கொண்டோம். கடிதம் தட்டச்சுச் செய்யவும் அட்டவணை போடவும் பழகினோம். ஆனால் பாடத்திட்டத்தில் இருந்தவை துவித எண் முறைமை, தர்க்கப் படலை, பாய்ச்சற் கோட்டுப்படம், பாஸ்கல் மொழியில் செய்நிரல் எழுதுதல். அவற்றுக்கு நேரம் வரவில்லை. சான்றிதழ் தந்தார்கள். அதன்பின் வகுப்பில் நாங்கள் எப்படிச் சமாளிக்கிறோம் என்று பார்க்க எவரும் வரவில்லை.

கணினியைப் பாவிக்கத் தெரிவது வேறு, கணினியியலைக் கற்பிக்கத் தெரிவது வேறு. சோறு சமைக்கத் தெரிந்தவர் எல்லோரும் சமையற் பாடம் நடத்திவிட முடியாது அல்லவா? ஆசிரியர் வாண்மை விருத்தி என்று நாம் சொல்வது இந்த இரண்டாவதைத்தான்.

ஓர் உதாரணம் தருகிறேன். நியூசிலாந்தில் பேராசிரியர் ரிம் பெல்லும் அவருடைய நண்பர்களும் 1990களில் கணினியே இல்லாமல் கணினியியல் கற்பிக்கும் முறையொன்றை வளர்த்தார்கள். ஐந்து அட்டைகளில் 16, 8, 4, 2, 1 என்று புள்ளிகள். ஐந்து பிள்ளைகள் அவற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். "அம்மா இன்று பதினெட்டு கிலோ கொழுந்து எடுத்தார், காட்டுங்கள்" என்றால், 16ஐயும் 2ஐயும் பிடித்தவர்கள் புள்ளி தெரியக் காட்ட வேண்டும், மற்றவர்கள் அட்டையைத் திருப்ப வேண்டும். காட்டியதற்கு 1, திருப்பியதற்கு 0. 10010 என்று துவித எண் பலகையில் வந்துவிடும். மின்சாரம் இல்லாத நாளிலும், ஒரேயொரு கணினி உள்ள பாடசாலையிலும் இதைச் செய்யலாம். ஆனால் இப்படி ஒரு வழி உண்டென்று ஆசிரியைக்கு யாராவது காட்டித் தந்திருக்க வேண்டும். பயிற்சியின் பெறுமதி அதில்தான் இருக்கிறது.

கேரளம் செய்த வேலை

அயலில் உள்ள கேரளத்தைப் பாருங்கள். 2001இல் ஐ.ரி. அற் ஸ்கூல் என்ற திட்டத்தை அரசு தொடங்கியது. வெளிக் கம்பனிகளிடம் விடாமல், பாடசாலை ஆசிரியர்களிலிருந்தே ஆட்களைத் தெரிந்து முதன்மைப் பயிற்றுநர்களாக்கினார்கள். அவர்கள் மற்ற ஆசிரியர்களுக்கு மலையாளத்திலேயே பயிற்சி கொடுத்தார்கள். ஒவ்வொரு உயர்நிலைப் பள்ளியிலும் ஓர் ஆசிரியர் இணைப்பாளரானார். பணம் கொடுத்து வாங்காத சுதந்திர மென்பொருளையே பாவித்தார்கள். திட்டம் பெயர் மாறி 2017இல் கைற் என்ற அரச நிறுவனமானது. சொந்த மொழி, சொந்த ஆசிரியர், தொடர்ந்த கண்காணிப்பு. ஊவாவுக்கும் தேவையானவை இந்த மூன்றுதான்.

இங்கோ, 2015 அளவில் மலையகப் பாடசாலைகளுக்கு ஆசிரிய உதவியாளர்களைச் சேர்த்தபோது மாதக் கொடுப்பனவு 6,000 ரூபா, பின்னர் 10,000. வகுப்பில் நின்றுகொண்டே ஆசிரியர் கலாசாலைப் பயிற்சியை முடித்தால்தான் நிரந்தர நியமனம். அந்தப் பிள்ளைகளின் பொறுமைக்குத் தலைவணங்க வேண்டும். ஆனாலும் பயிற்சி முந்தியிருந்தால் அவர்களுக்கும் நன்மை, மாணவருக்கும் நன்மை.

கொவிட் காலத்தில் இந்தக் குறை வெளிச்சத்துக்கு வந்தது. 2021இல் லுணுகலைப் பக்கத்துப் பிள்ளைகள் இணைய அலை தேடிக் காட்டு மரத்தில் கட்டிய குடிலில் ஏறியிருந்து படித்த செய்தி உலகெங்கும் போனது. போகித்தியாவ என்ற கிராமத்தில் மாணவரோடு மலையுச்சிக்கு ஏறிப் பாடங்களை அனுப்பிய ஆசிரியை கற்பித்ததும் இதே தகவல் தொடர்பாடல் தொழினுட்பம்தான். வசதி இல்லாத இடத்திலும் விடயம் தெரிந்த ஓர் ஆசிரியை இருந்தால் ஒரு வழி பிறக்கிறது.

மகளுக்கான வழிகள்

முதலாவது, தேசிய கல்வியியற் கல்லூரி. உயர்தரம் சித்தியடைந்தவர்களை வர்த்தமானி அறிவித்தல் மூலம் சேர்ப்பார்கள். இரண்டு ஆண்டு விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு ஒரு பாடசாலையில் கட்டுறு பயிலுநர். முடிவில் தேசிய கற்பித்தல் டிப்ளோமா. ஜேர்மன் உதவியுடன் மலையகத்துக்கென எழுந்த பத்தனை ஸ்ரீபாத கல்லூரியும், பண்டாரவளை பிந்துனுவெவவில் உள்ள ஊவாக் கல்லூரியும் அருகில் உள்ளவை. எந்தக் கல்லூரியில், எந்த மொழியில் இப்பாடநெறி உண்டு, வயதெல்லை என்ன என்பவற்றை அந்தந்த ஆண்டு வர்த்தமானியில் பார்த்தே விண்ணப்பியுங்கள்.

இரண்டாவது, பட்டம். பதுளையிலேயே 2005இல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் அமைந்தது. கொழும்புப் பல்கலைக்கழகம் 2000இல் தொடங்கிய வெளிவாரித் தகவல் தொழினுட்பப் பட்டத்தை வீட்டிலிருந்தும் படிக்கலாம், ஆனால் அது ஆங்கிலத்தில். பட்டம் பெற்ற பின் கற்பிக்கும் முறையைக் கற்கப் பட்டப்பின் கல்வி டிப்ளோமா உண்டு. திறந்த பல்கலைக்கழகம் அதைத் தமிழிலும் நடத்தி வந்திருக்கிறது.

மூன்றாவது, ஏற்கெனவே ஆசிரியையாக இருப்பவர்களுக்கு. வலயத்தின் கணினி வள நிலையத்தையும், பாடத்துக்கான ஆசிரிய ஆலோசகரையும் விட்டுவிடாதீர்கள். கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத்தளத்தில் தமிழ்ப் பாடங்கள் உள்ளன.

யுத்தத்தில் சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று சிலர் எழுதியிருந்தார்கள். அதற்காக மனம் தளர வேண்டாம். பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றின் உறுதிப்படுத்திய பிரதியையும், பிரதேச செயலகத்தில் பிறப்புச் சான்றிதழின் பிரதியையும் பெறலாம்.

கடைசியாக ஒன்று. கொழுந்து எடுத்துவிட்டு வருகிற அம்மாவுக்கும், தனியாகக் குடும்பத்தை நடத்துகிற அம்மாவுக்கும் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் பேச உரிமை உண்டு. கணினி எத்தனை என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். கற்பிப்பவர் இந்தப் பாடத்தில் பயிற்சி பெற்றவரா? அந்தப் பயிற்சி தமிழில் கிடைத்ததா? கடந்த ஒரு தவணையில் ஆலோசகர் யாராவது வந்து பார்த்தாரா? இந்த மூன்றையும் மரியாதையாகக் கேளுங்கள், பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். எழுத்தில் இருந்தால் வலயக் கல்விக் காரியாலயத்தில் கேட்பதும் இலகு. கிடைத்த பதிலை எங்களுக்கும் எழுதுங்கள்.