இடது காலுக்கு ஏன் இந்தத் தண்டனை?

"கியர் போட்டு ஓட்டினாத்தான் அது காரு. ஆட்டோமேட்டிக் எல்லாம் பொம்பளைங்க ஓட்டுறது."

விருதுநகர், சாத்தூர், சிவகாசி பக்கம் பழைய கார் வாங்கக் கிளம்புகிறவர் முதலில் கேட்கும் வேதவாக்கு இதுதான். (பெண்கள் ஓட்டினால் காருக்கு என்ன குறைந்துவிடும் என்பதை மட்டும் யாரும் விளக்குவதில்லை.) சரி, வாக்கு அருளிய அண்ணாச்சி எதில் ஏறி வீட்டுக்குப் போகிறார் என்று பார்த்தால்... டிவிஎஸ் எக்ஸ்எல்! அதில் மாற்றுவதற்கு கியரே கிடையாது. ஆக்சிலேட்டரை முறுக்கினால் கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும். 1980இல் டிவிஎஸ் 50 வந்ததிலிருந்து இந்தக் கரிசல் சீமையில் காகிதக் கட்டையும் அட்டைப்பெட்டியையும் சுமந்து திரிவது இந்த வகை வண்டிதான். 1984இல் கைனடிக் ஹோண்டா வந்தபோதும் யாரும் மூக்கைச் சுளிக்கவில்லை. ஆக, இரண்டு சக்கரத்தில் கியர் இல்லாவிட்டால் வசதி, நான்கு சக்கரத்தில் இல்லாவிட்டால் மானக்கேடு. என்ன கணக்கோ!

சிவகாசிக்குக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு பேர் வைத்ததாகச் சொல்லிப் பெருமைப்படாத ஆள் இந்த ஊரில் இல்லை. பெரிய ஜப்பானில் விற்கும் புதுக் கார்களில் மிகப் பெரும்பாலானவை ஆட்டோமேட்டிக். அதை மட்டும் ஓட்டுவதற்கென்றே 1991 முதல் அங்கே தனி உரிமம் உண்டு. இந்தியாவில் அந்தப் பாகுபாடுகூட இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் மோட்டார் சைக்கிளைத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்று பிரிக்கிறது. காருக்கு எதுவானாலும் ஒரே இலகுரக வாகன உரிமம். சட்டம் கேட்காத தகுதியை டீக்கடை பெஞ்ச் கேட்கிறது.

இதை வெறும் வறட்டு கௌரவம் என்று சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால் இந்த மாவட்டத்தில் அப்படிப் போக முடியாது. நம் நாட்டுக் கார்களில் ஸ்டியரிங் வலப்பக்கம். கிளட்சை மிதிப்பது இடது கால், கியரை மாற்றுவது இடது கை. மாருதி 800இல் தரையில் இருக்கும் கியரானாலும் அதேதான். அந்தக் காலும் கையும் சரியாக இயங்காதவர் என்ன செய்வார்?

இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு பதிவானது 2011இல். அதற்கு முன் கால் சூம்பிய தலைமுறை இன்னும் நம்மோடு வேலைக்குப் போய் வருகிறது. அதோடு பட்டாசு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டோர் கருகிச் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். இறந்தவர்களைப் பத்திரிகைகள் எண்ணிச் சொல்கின்றன. பிழைத்து, தீக்காயம் ஆறி, தோல் இறுகி, விரல் மடங்கிப்போய் வீடு திரும்பியவர்களை எண்ணுவார் யாருமில்லை. அப்படி ஒருவருக்கு, விருதுநகர் - செங்கோட்டை ரயில் பாதையில் கேட் திறந்ததும் முண்டியடிக்கும் கூட்டத்தில் கிளட்ச், கியர், கிளட்ச், கியர் என்று நகர்வது சித்திரவதை. ஆட்டோமேட்டிக்கில் இடது காலுக்கு வேலையே இல்லை. லீவரைக் கிளம்பும்போது ஒரு தடவை, நிறுத்தும்போது ஒரு தடவை தொட்டால் போதும். (உரிமம், மருத்துவச் சான்று எல்லாம் தனிக் கதை.) புதுக் கார் வாங்கக் காசில்லாத அவருக்கு எட்டக்கூடியது பழைய ஆட்டோமேட்டிக் ஒன்றுதான். அதையும் "வேண்டாம்ப்பா, வம்பு" என்று தடுக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் கோபம் வருகிறது.

"ரிப்பேர் ஆனா யாரு பாக்குறது?" இது நியாயமான கேள்வி. பட்டறைக்குப் பட்டறை ஆளிருக்கும் வேலை இல்லைதான். ஆனால் பழைய ஆட்டோமேட்டிக் கெட்டுப்போவதில் பாதிக் கதை நம் கைவரிசை. கியர் பெட்டிக்குள் இருக்கும் எண்ணெய்தான் அதற்கு ரத்தம். எஞ்சினிலிருந்து சக்கரத்துக்குச் சுழற்சியைக் கடத்துவதும் அதுதான், உள்ளே சூட்டைத் தணிப்பதும் அதுதான். இந்த வெயிலில் அதை ஆண்டுக்கணக்காக மாற்றாமல் ஓட்டிவிட்டு, கையில் கிடைத்த ஏதோ ஓர் எண்ணெயை ஊற்றினால் எப்படி உழைக்கும்? அடுத்து நின்றுபோன வண்டியைக் கயிறு கட்டி மதுரை வரை இழுப்பார்கள். எஞ்சின் ஓடாதபோது எண்ணெய் பம்பும் ஓடாது. உருளும் சக்கரமோ பெட்டியின் உள்பாகங்களைச் சுற்றிக்கொண்டே வரும். ஐந்நூறு ரூபாய் சென்சார் கோளாறோடு கிளம்பிய கார் மொத்தப் பெட்டியும் தேய்ந்து போய்ச் சேரும். "ஆட்டோமேட்டிக்னாலே இப்படித்தான்" என்று தீர்ப்பும் வந்துவிடும். கியர் காரில் கிளட்ச் பிளேட் தீய்ந்தால் மட்டும் "சரி, மாத்திக்கலாம்"!

மைலேஜ் குறையும் என்பது உண்மை. நான்கே கியர் உள்ள பழைய ஐ10 ஆட்டோமேட்டிக் அதன் கியர் அண்ணனைவிடக் கூடுதலாகக் குடிக்கத்தான் செய்யும். பேட்டரி செத்தால் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாது என்பதும் உண்மை; அதற்கு டிக்கியில் ஒரு ஜம்பர் கேபிள் போதும்.

இன்னொரு குழப்பம், 2014இல் செலேரியோவில் வந்த ஏஎம்டி. அது முழு ஆட்டோமேட்டிக் கிடையாது. சாதாரண கியர் பெட்டிதான். கிளட்சை மிதிக்கும் வேலையை மனிதனுக்குப் பதில் ஓர் இயந்திரம் செய்கிறது. ஆரியங்காவு ஏற்றத்தில் பிரேக்கை விட்டுவிட்டு ஆக்சிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்தினால் கிளட்ச் தீயும். பத்து வயதான ஏஎம்டி வாங்குகிறவர் கிளட்ச் எப்போது மாற்றப்பட்டது என்று கேட்டே ஆகவேண்டும்.

டார்க் கன்வெர்ட்டர் வகை என்றால் வேறு சோதனை. டிப்ஸ்டிக் இருந்தால் உருவி முகர்ந்து பார்க்கட்டும்: எண்ணெய் கறுத்துக் கருகல் வாடை அடித்தால் ஆபத்து. எஞ்சின் சூடான பிறகு பிரேக்கை மிதித்தபடி லீவரை 'டி'க்குத் தள்ளட்டும். வண்டி இரண்டு விநாடி யோசித்துவிட்டு 'டொக்'கென்று உதைத்தால், விற்கிறவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அடுத்த காரைப் பார்க்கலாம்.