முழு செட்டையும் மாற்றச் சொல்பவர்களுக்கு

வீட்டு ஹோம் தியேட்டரில் சத்தம் சரியில்லை என்று வாய் திறந்தால் போதும், மட்டக்களப்பில் எவரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும்: "அந்தச் செட்டத் தூக்கிப் போட்டுட்டு பெரிய வாட்ஸில ஒண்டு எடுங்க." கடையில் நிற்கும் தம்பியும் அதையே சொல்கிறார், கட்டாரிலிருந்து லீவில் வந்த மச்சானும் அதையே சொல்கிறார். சொல்வதோடு நின்றால் பரவாயில்லை. சீட்டுக்காசை எடுத்தும் தவணைக்குக் கையெழுத்து வைத்தும் புதுப் பெட்டியைத் தூக்கி வந்தபின், அதே ஹோலில் அதே செற்றியில் இருந்துகொண்டு அதே முறைப்பாட்டைச் சொல்லும் குடும்பங்கள் கல்லடியிலும் காத்தான்குடியிலும் களுவாஞ்சிகுடியிலும் இருக்கின்றன. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய்ப் பக்கம் இருந்த டொலர், மே மாதத்தில் 360 வரை போனது. இறக்குமதிக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. அதற்குப் பிறகு எந்தச் செட்டும் மலிவானதல்ல. ஆகவே இந்த அறிவுரை சரிதானா என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. என் கணக்கில் அது பிழை.

வாட்ஸ் கூடினால் சத்தம் நன்றாக இருக்கும் என்பதுதான் முதல் வாதம். பெட்டியின் முன்பக்கத்தில் 1000 வாட்ஸ் என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். செட்டைத் திருப்பி, கரண்ட் வயர் உள்ளே நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னத் தகட்டை டோர்ச் அடித்து வாசியுங்கள். சுவர் பிளக்கிலிருந்து அது எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று அங்கே இருக்கும். பெரும்பாலும் முன்பக்க எண்ணில் ஒரு சிறு பங்குதான். சுவரிலிருந்து வராத சக்தி ஸ்பீக்கருக்கு எங்கிருந்து வரும்? கணப்பொழுது பாய்ந்து அடங்கும் உச்சத்தை, எல்லா ஸ்பீக்கர்களையும் கூட்டி, ஒலி சிதைந்து போன நிலையையும் சேர்த்து எழுதிய எண் அது. பி.எம்.பி.ஓ. என்று போட்டிருந்தால் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம்.

சரி, எழுதியிருக்கும் வாட்ஸ் உண்மையென்றே வைப்போம். சக்தியை இரண்டு மடங்காக்கினால் ஒலி 3 டெசிபல்தான் ஏறும். உன்னிப்பாகக் கேட்டால் தெரியும் அளவு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகப் படவேண்டுமென்றால் ஏறத்தாழ 10 டெசிபல் வேண்டும், அதற்குச் சக்தி பத்து மடங்காக வேண்டும். 50 வாட்ஸ் செட்டை விட்டு 100 வாட்ஸ் செட்டுக்குப் போகிறவர், காசைத்தான் இரட்டிப்பாகக் கொடுக்கிறார்.

கோயில் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரை நினைத்துப் பாருங்கள். முப்பது வாட்ஸ் அம்பிளிஃபயர் (அம்ப்) ஒன்றில் அது வாவிக்கு அக்கரை வரை கேட்கும். காரணம் அதன் உணர்திறன் (சென்சிட்டிவிட்டி): ஒரு வாட்ஸ் கொடுத்து ஒரு மீற்றர் தள்ளி நின்று அளந்தால் 105 டெசிபலுக்குக் குறையாமல் கொடுக்கும். வீட்டு ஸ்பீக்கர்கள் அதே அளவையில் 84 முதல் 90 வரை கொடுக்கும். 84க்கும் 90க்கும் இடையில் இருப்பது நான்கு மடங்கு சக்தி. அதாவது 90 டெசிபல் ஸ்பீக்கரில் 25 வாட்ஸ் செய்யும் வேலையை 84 டெசிபல் ஸ்பீக்கரில் செய்ய 100 வாட்ஸ் வேண்டும். கடையில் கேட்க வேண்டியது இந்த எண்ணைத்தான். 87 டெசிபல் ஸ்பீக்கர் ஒன்று, ஒரே ஒரு வாட்ஸில், மூன்று மீற்றர் தள்ளி இருக்கும் செற்றிக்கு 77 டெசிபல் கொண்டுவந்து சேர்க்கும். நாம் இருந்து கதைப்பது 60 பக்கம். சண்டைக் காட்சியில் திடீரென்று ஒன்று வெடிக்க இன்னும் 15 டெசிபல் வேண்டுமென்றால் முப்பது சொச்சம் வாட்ஸ் போதும். ஆயிரம் எதற்கு?

அடுத்தது, "மாத்தினா அஞ்சு ஸ்பீக்கரையும் சேர்த்து மாத்தணும், ஒண்டொண்டா மாத்தினா ஒத்துவராது" என்ற பேச்சு. இதில் பாதி உண்மை. முன்னால் இருக்கும் மூன்றும், அதாவது இடம், வலம், நடு ஆகிய மூன்றும், ஒரே குரலில் பேச வேண்டும். இல்லையென்றால் காட்சியில் ஒருவர் இடமிருந்து வலமாக நடக்கும்போது அவர் குரல் மாறுவதுபோல் இருக்கும். பின்னால் இருப்பவைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மழை, கூட்டத்தின் இரைச்சல், எங்கோ போகும் வாகனம் என்று அவற்றுக்குக் கிடைக்கும் வேலை குறைவு. பழைய குட்டி ஸ்பீக்கர்களே அதைச் செய்துவிடும்.

வீடுகளில் உண்மையில் எழும் முறைப்பாடு என்ன? "மனே, இடி முழங்குறது மட்டும்தான் கேக்குது, கதைக்கிறது ஒண்டும் விளங்குதில்ல" என்று வீட்டில் மூத்தவர்கள் சொல்வதுதான். அவர்களின் காது பழுது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பழுது செட்டில். 5.1 கலவையில் பேச்சின் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. மலிவு செட்டில் அது மூன்று அங்குலக் கூம்பு உள்ள ஒரு பிளாஸ்டிக் கூடு. 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே அதற்கு வலு இல்லை. ஆண் குரலின் அடித்தளமோ 100 முதல் 150 ஹேர்ட்ஸில் இருக்கிறது. ஆகவே குரலின் கீழ்ப்பாதியை மூலையில் கிடக்கும் சப்வூஃபர், அதாவது சப், வாங்கிக்கொள்கிறது. கதாநாயகனின் வாய் திரையிலும் நெஞ்சு மூலையிலுமாகப் பிரிந்துவிடுகின்றன. போதாததற்கு அந்த நடு ஸ்பீக்கரை ஷோகேஸுக்குள், கல்யாணப் படத்துக்கும் பிள்ளைகளின் பரிசுக் கிண்ணங்களுக்கும் பின்னால் வைக்கிறோம்.

செலவில்லாத மாற்றம் இங்கிருந்தே தொடங்கும். நடு ஸ்பீக்கரை வெளியே எடுத்துத் தட்டின் விளிம்புக்குக் கொண்டுவாருங்கள். பழைய ரப்பர் செருப்பை வெட்டி நாலு துண்டு அடியில் வையுங்கள், கண்ணாடி நடுங்காது. அதன் முகம் செற்றியில் இருப்பவரின் காதைப் பார்க்கட்டும். பிறகு மெனுவில் நடு ஸ்பீக்கரின் அளவை 3 டெசிபல் கூட்டி, இரவு நிலை என்ற வசதி இருந்தால் அதைப் போட்டுப் பாருங்கள். வெடிச்சத்தம் அடங்கிப் பேச்சு மேலெழும்.

இவ்வளவும் செய்தும் திருப்தி இல்லையென்றால் அப்போது காசை எடுக்கலாம். முதலில் முன்னால் வைக்க ஒரே ஒரு சோடி: ஐந்து அல்லது ஆறரை அங்குலக் கூம்பு உள்ள, மரப்பெட்டியில் அடைத்த ஸ்பீக்கர்கள். மெனுவில் நடு ஸ்பீக்கர் இல்லை என்று சொல்லிவிட்டால் பேச்சு இந்த இரண்டுக்கும் பிரிந்து, நேரே எதிரில் இருப்பவருக்கு நடுவிலிருந்து வருவதுபோல் கேட்கும். ஓரத்தில் இருப்பவருக்கு அப்படிக் கேட்காது, உண்மைதான். அதற்காக அடுத்த சீட்டு விழும்போது அதே இனத்தில் நடு ஸ்பீக்கர் ஒன்றைச் சேர்க்கலாம். ஐந்து சுமாரான ஸ்பீக்கர்களைவிட இரண்டு நல்லவை மேல் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

இந்த இடத்தில் மறுதரப்புக்கு ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும். ஒரே பெட்டியில் வரும் பல செட்டுகளில் அம்ப் 3 அல்லது 4 ஓம் ஸ்பீக்கருக்கென்றே செய்யப்பட்டிருக்கும், பிளக்கும் அந்தக் கம்பனிக்கு மட்டும் உரியதாக இருக்கும். அந்த அம்புடன் 8 ஓம் ஸ்பீக்கரை இணைத்தால் ஆபத்தில்லை, சத்தம் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த 3 ஓம் குட்டிகளைக் கழற்றி, 8 ஓமுக்குச் செய்த வேறு அம்பில் கொழுவினால் அம்ப் சூடாகிச் சாகக்கூடும். சப்பும் அந்த அம்பை நம்பியே இருக்கும். அம்பே பழுதாகிப்போன வீட்டில் "செட்டை மாற்று" என்பது நியாயமான பேச்சுத்தான். அம்ப் வேலை செய்யும் வீட்டில் அல்ல.

"பெரிய சப் போட்டா எல்லாம் சரியாகும்" என்பவர்களிடம் நான் விபுலாநந்த அடிகளைக் கூட்டிக்கொண்டுதான் போவேன். காரைதீவில் பிறந்து, கல்லடி உப்போடையில் சமாதி கொண்ட அடிகள், 1947இல் வெளிவந்த யாழ் நூலில் சுரங்களைக் கணக்காக ஆராய்ந்தவர். நரம்பின் நீளம் பாதியானால் சுரம் இரட்டிக்கிறது. அறைக்கும் நீளம் உண்டு, அதுவும் தன் நீளத்துக்கேற்ற சுரத்தில் முழங்கும். நம் ஊர் வெக்கையில், 30 பாகை வெப்பத்தில், ஒலி வினாடிக்கு 349 மீற்றர் போகும். 14 அடி நீள ஹோலின் அடிச்சுரம் 41 ஹேர்ட்ஸ், 12 அடி அகலத்தின் சுரம் 48 ஹேர்ட்ஸ். சப் வேலை செய்யும் எல்லைக்குள்ளேயே இரண்டும் விழுகின்றன. அந்தச் சுரங்கள் சுவரோரத்தில் ஊதிப்பெருகும், நடு ஹோலில் காணாமல் போகும். நம் செற்றி எப்போதும் சுவரோடு ஒட்டி இருக்கும். சப் எப்போதும் மூலையில் இருக்கும். அங்கே இடி இடிக்காமல் என்ன செய்யும்? இதே இடத்தில் இன்னும் பெரிய சப்பை வைத்தால் இன்னும் பெரிய இடி.

செய்ய வேண்டியது ஒரு மாலை வேலை. சப்பைத் தூக்கி நீங்கள் இருக்கும் செற்றியின் மேலேயே வையுங்கள். அடிச்சுரம் நன்றாக ஓடும் பாட்டு ஒன்றைப் போடுங்கள். சப் வைக்கக்கூடிய இடங்களிலெல்லாம் குனிந்து, முழங்கால் உயரத்தில் காதை வைத்துக் கேட்டபடி சுவரோரமாக நகருங்கள். ஓரிடத்தில் வெறும் முழக்கம், இன்னோரிடத்தில் ஒன்றுமே இல்லை, எங்கோ ஓரிடத்தில் ஒவ்வொரு சுரமும் தனித்தனியாக, ஒரே அளவில் கேட்கும். அங்கேதான் சப் இருக்க வேண்டும். செற்றியையும் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்துவிடுங்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

"டைல்ஸ் பதிச்ச வீட்டுல எதைப் போட்டாலும் இப்படித்தான்" என்று கைவிடுவோரும் உண்டு. டைல்ஸ் தரையும் பூசிய சுவரும் ஒலியைத் திருப்பி அடிக்கும், மறுக்கவில்லை. ஹோலின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டினால் ஒரு கிணுகிணுப்பு வால்போல் தொடரும். பேச்சை விழுங்குவது அதுதான். பன்பாய் ஒன்றை விரித்தால் தீராது, அது மெல்லியது. மொத்தமான கம்பளம் ஒன்று ஸ்பீக்கருக்கும் செற்றிக்கும் இடையில், மருதமுனைக் கைத்தறியில் கனத்த துணியாக எடுத்துச் சுருக்கம் சுருக்கமாகத் தைத்த திரைச்சீலை பக்கச் சுவரில், புத்தகம் நிறைந்த தட்டு ஒன்று பின்னால். மறுபடி கைதட்டிப் பாருங்கள். கம்பளமும் திரைச்சீலையும் ஒரு புதுச் செட்டின் விலைக்குக் கிட்டவும் வராது.

வயரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடித்த பளபளப்பு வயர் வாங்கினால் ஒலி மாறும் என்பது பொய். 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயர் ஐந்து மீற்றர் தூரத்துக்கு, போய்வரும் இரண்டு கம்பியும் சேர்த்து, 0.12 ஓம்தான் தடுக்கும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே அல்ல. செப்புத்தானா என்று மட்டும் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாக இருந்தால் அலுமினியம். கூட்டலும் கழித்தலும் மாறி இணைத்திருப்பதுதான் பெரிய திருடன். ஒரு ஸ்பீக்கர் முன்னால் தள்ள மற்றது பின்னால் இழுக்கும், அடிச்சுரம் செத்துப்போகும். ஸ்பீக்கரை அம்பிலிருந்து கழற்றி, அதன் வயர் நுனிகளை 1.5 வோல்ட் பற்றரி ஒன்றில் ஒரு கணம் தொடுங்கள். பற்றரியின் கூட்டல் பக்கம் ஸ்பீக்கரின் கூட்டலில் பட்டால் கூம்பு வெளியே தள்ளும். எல்லா ஸ்பீக்கரும் ஒரே பக்கம் தள்ள வேண்டும்.

கடைசியாக வருவது உப்புக்காற்று வாதம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. கல்லடியிலிருந்து தெற்கே அந்த ஒடுங்கிய நிலத்தில் எந்தச் சாமானும் நிலைக்காது, ஆகவே பழசில் காசு போடாதே, புதுசு வாங்கு என்பார்கள். புதுசையும் அதே காற்றுத்தானே தின்னும்? காற்று எதைத் தின்கிறது என்று தெரிந்தால் எதை வாங்குவது என்பதும் தெரியும். கூம்பைச் சுற்றியுள்ள வளையம் நுரையில் செய்ததென்றால், ஈரமும் சூடும் பட்டுச் சில வருடங்களில் பொடிப்பொடியாக உதிரும். ரப்பர் வளையம் நெடுங்காலம் நிற்கும். நுரை உதிர்ந்தாலும் கூம்பு நல்லதென்றால் புது வளையம் ஒட்டித் திருத்தலாம். வயர் நுனியில் பச்சைக் களிம்பு பிடித்தால் அந்த அங்குலத்தை வெட்டி எறிந்துவிட்டுப் புதிதாக உரித்துக் கொழுவினால் போதும். இப்படித் திருத்தி வாழவைக்கக்கூடியவை தனித்தனி ஸ்பீக்கர்கள். சவுண்ட்பாரில் அம்பும் ஸ்பீக்கரும் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. அதன் பலகையில் ஓரிடம் உப்புப் பிடித்துப் போனால், நம் ஊரில் பலசமயம் முழுதாகவே போய்விடுகிறது. செய்தி கேட்க மட்டும் என்றால் அது குறையில்லாத சாமான்தான். காசைப் பத்து வருடத்துக்கு முதலீடு செய்கிறவர் அதை வாங்கக்கூடாது என்பது என் முடிவு.

பழைய சாமான் தேடுவோர் ஜப்பானிலிருந்து வரும் அம்புகளையும் பார்ப்பார்கள். பாரமான, நேர்மையான பொருட்கள். குறைந்த காசுக்கு அவற்றைப்போல் கிடைப்பது அரிது. ஆனால் ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட், நமக்கு 230. நேரே சுவரில் கொழுவினால் அந்த நிமிடமே எரிந்துவிடும். வாங்கப் போகும்போது டோர்ச் ஒன்றைக் கொண்டுபோய், ஸ்பீக்கர் வலையைக் கழற்றி வளையத்தை விரலால் மெல்ல அழுத்திப் பாருங்கள், பிறகு அம்பின் பின்தகட்டை வாசியுங்கள். 100 வோல்ட் என்றிருந்தால், தகட்டிலுள்ள வாட்ஸைப்போல் இரண்டு மடங்கு தாங்கும் ட்ரான்ஸ்போமர் என்ன விலை என்று விசாரித்து, அதையும் கூட்டிக்கொண்டு பேரம் பேசுங்கள்.