கன்னத்துச் சாயமும் தோலின் குற்றமும்

தோல் பதனிடும் ஊர்க்காரர்களாகிய நமக்குச் சாயத்தைப் பற்றி வெளியூரார் வந்து பாடம் சொல்ல வேண்டிய அவசியம் கிடையாது. வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று இந்த வட்டாரம் நெடுகிலும் எத்தனையோ குடும்பங்கள் தோலையும் சாயத்தையும் நம்பியே பிழைத்து வருகின்றன. அப்படியிருக்க, ஆட்டுத்தோல் விஷயத்தில் நமக்குள்ள புத்தியானது, நம் வீட்டுப் பெண்மக்களின் கன்னத்துத் தோல் விஷயத்தில் மாத்திரம் எங்கே ஓடி ஒளிந்துகொள்கிறது என்பதுதான் இங்கு நாம் கேட்க வந்த கேள்வி.

சமீபத்தில் ஒரு சம்பள நாள் மாலை ஆம்பூர் பஜாரில் ஒரு ஃபேன்சி கடையில் நிற்க நேர்ந்தது. ஷூ கம்பெனி வேலை விட்டு மூன்று பெண்கள் வந்தார்கள். “பாய், புது சீசன் கலர் வந்திருக்குதாமே, காட்டுங்க” என்று ஒரு பெண் கேட்டாள். கடைக்காரர் கன்னத்துக்குப் பூசும் பிளஷ் டப்பா ஒன்றும், இமைக்குப் பூசும் ஐ ஷேடோ தட்டு ஒன்றும் எடுத்து வைத்தார். கன்னப்பொடி வெளிறிய பீச் பழ நிறம். அந்தப் பெண் விரலால் தொட்டுக் கன்னத்தில் தடவினாள். நிறம் தெரியவில்லை. இன்னும் கொஞ்சம் தடவினாள். அடுப்புச் சாம்பல் பட்டாற்போல் ஒரு வெளுப்புத் தெரிந்தது.

“என்ன பாய், இப்படி இருக்குது?” என்றாள்.

“பொடி நல்ல பொடிதாம்மா. உங்க கலருக்கு எடுக்காது. இந்த கிரீமை ஒரு மாசம் போட்டு மூஞ்சியை வெளுத்துக்கிட்டு, அப்புறம் இதைப் போடுங்க, சூப்பரா இருக்கும்” என்றார் அவர்.

கூட வந்தவள், “விடுடி, நம்ம மூஞ்சிக்கு எது ஒட்டும்?” என்று சிரித்தாள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. பொடியையும் வாங்கினாள், கிரீமையும் வாங்கினாள். நாள் முழுதும் குனிந்து தோலுக்குப் பசை தடவிச் சம்பாதித்த காசு, தன் தோல் குற்றமுள்ளது என்று ஒப்புக்கொண்டதற்கு அபராதமாகக் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

நிற்க, இதே வழக்கை ஒரு தோல் ஷாப்பில் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். பட்டையில் பதனிட்ட பழுப்புத் தோலின் மேல் வெளிறிய ரோஜா நிறம் கேட்டால், சாயம் போடுகிறவர் என்ன சொல்லுவார்? “இந்த அடிநிறத்துக்கு இந்த ஷேடு வராது, வேறு ஷேடு பாருங்கள்” என்பார். குரோம் ஏற்றிய தோலுக்கு ஒரு கணக்கு, பட்டைத் தோலுக்கு ஒரு கணக்கு என்று வைத்திருப்பார். எந்தத் தோலுக்குப் போடவேண்டுமோ அந்தத் தோலிலேயே ஒரு துண்டு வெட்டிச் சாம்பிள் பார்க்காமல் டிரம்மில் சாயத்தைக் கொட்டமாட்டார். சாயம் பிடிக்காவிட்டால் சாயக் கணக்கைத் திருத்துவாரேயல்லாது, “ஆடு ஏன் இப்படிப் பிறந்தது?” என்று ஆட்டின் மேல் குற்றம் சாட்டமாட்டார். ஆட்டுக்குக் கிடைக்கும் இந்த நியாயம் அந்தப் பெண்ணுக்கு ஏன் கிடைக்கவில்லை?

இந்த “சீசன் கலர்” எங்கிருந்து வருகிறது என்பதையும் பார்ப்போம். பான்டோன் என்னும் அமெரிக்க நிறக் கம்பெனி 2000-ஆம் ஆண்டு முதல் வருஷத்துக்கு ஒரு நிறத்தை “இவ்வாண்டின் நிறம்” என்று அறிவித்து வருகிறது. 2024-க்குப் “பீச் ஃபஸ்” என்னும் வெளிறிய பீச் நிறம். 2025-க்கு “மோக்கா மூஸ்” என்னும் காப்பிப் பழுப்பு. 2026-க்குக் “கிளவுட் டான்சர்” என்னும் வெள்ளை. துணி, பாதரட்சை, பை, முகப்பூச்சு எல்லாவற்றிலும் இத்தகைய அறிவிப்புகளின் சாயை விழுகிறது. நம் வட்டாரத்துக்கு இது புதிதுமல்ல. பருவத்துக்குப் பருவம் ஷேடு கார்டு வருவதும், அங்கே பனிக்காலத்தில் போடவேண்டிய பூட்ஸை இங்கே கத்திரி வெயிலில் தைத்து அனுப்புவதும் நாம் அறியாததா? அது அவர்கள் காலுக்கு, அவர்கள் குளிருக்கு; காசு கொடுக்கிறார்கள், தைக்கிறோம். ஆனால் அவர்கள் குளிருக்கும் அவர்கள் கன்னத்துக்கும் கலந்த நிறத்தை நாமே காசு கொடுத்து வாங்கி நம் கன்னத்தில் பூசுவதானால், அந்த நிறம் நமக்கு என்ன செய்கிறது என்று பார்த்து வாங்கவேண்டாமா?

ஆகையால், இம்மூன்று வருஷத்து நிறங்களையும் நம்மவர் தோலில் வைத்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுச் சொல்லுகிறோம்.

முதலாவது பீச். கன்னப்பொடி ஒன்றும் தேவலோகத்துச் சரக்கல்ல. தோல் ஷாப்பு ஃபினிஷிங் அறையில் தெளிக்கும் நிறங்களில் இருக்கிற டைட்டானியம் வெள்ளையும் இரும்புத் துருவின் சிவப்பு, மஞ்சள், கறுப்பும் இங்கேயும் உண்டு. சுத்தமும் தரமும்தான் வேறு. வெளிறிய பீச், வெளிறிய ரோஜா ஆகிய நிறங்களைப் பெரும்பாலும் வெள்ளையை மிகுதியாகச் சேர்த்தே உண்டாக்குகிறார்கள். வெளுத்த தோலில் அந்த வெள்ளை தோலோடு தோலாய் மறைந்து, சிவப்பு மாத்திரம் தெரியும். கறுத்த தோலிலோ சிவப்பு மறைந்து வெள்ளை மாத்திரம் தெரியும். கடையில் நாம் கண்ட சாம்பல் இதுதான். இதில் தோலின் குற்றம் எங்கே? அமெரிக்காவில் கிரயோலா கம்பெனியார் குழந்தைகளுக்கான வர்ணக்குச்சியில் இந்த வெளிறிய நிறத்துக்கு வெகுகாலம் “சதை நிறம்” என்றே பெயர் வைத்திருந்தார்கள். யாருடைய சதை என்று யாரும் கேட்கவில்லை. 1962-இல்தான் அந்தப் பெயரை எடுத்துவிட்டுப் “பீச்” என்று வைத்தார்கள். பெயர் மாறி அறுபது வருஷத்துக்கு மேலாகியும் நம் ஃபேன்சி கடைகளில் அது இன்னும் சதை நிறமாகவே விலைபோகிறது.

இரண்டாவது காப்பிப் பழுப்பு. நம் ஊர்த் தெருவில் நாலு பேரைப் பார்த்தால் இரண்டு பேருக்கு இருக்கும் நிறத்தை உலகத்தின் நாகரிக நிறம் என்று 2025-இல் அறிவித்தார்கள். சந்தோஷந்தான். மாநிறத்துக்கு இதை இமையில் பூசினால் பூசியதே தெரியாது. மற்ற நிறங்களுக்கு அடியில் ஒரு நிழலாகப் பூச உபயோகப்படும். தனியே இதற்காகப் பணம் கொடுப்பது, இருக்கிற சட்டைக்கு மேல் அதே நிறத்தில் இன்னொரு சட்டை போட்டுக்கொள்வது போலத்தான். ஆனால் பழுப்பு நிறத்தின் கதையில் நாம் மறக்கக்கூடாத சங்கதி ஒன்று உண்டு. கோடாக் கம்பெனியின் கலர் பிலிமில் வெள்ளைக்காரப் பெண்ணின் முகத்தை வைத்தே நிறத்தைச் சரிபார்த்து வந்தார்கள். கறுத்தவர் முகம் அதில் மை அப்பினாற்போல் விழுந்தது. அதைத் திருத்த அவர்களை முதலில் அசைத்தது கறுத்த மனிதர்களின் முறையீடல்ல. தங்கள் பண்டம் படத்தில் சரியாக விழவில்லை என்று சாக்லேட் வியாபாரிகளும் மரச்சாமான் வியாபாரிகளும் சொன்ன புகார். மேஜைக்கு முந்திக் கிடைத்த நியாயம் மனிதனுக்குப் பிந்தித்தான் கிடைத்தது.

மூன்றாவது வெள்ளை. வெள்ளையும் வெள்ளி நிறமும் நம் இமையில் சுண்ணாம்பு உதிர்ந்தாற்போல் நிற்கும். கண்ணின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் எடுப்பாயிருக்கும். இமை முழுவதும் பூசினால் கண் நோய் கண்டவர் போலாகும். அதற்குப் பதில் தாமிரம், வெண்கலம், பழம்பொன் நிறங்களை எடுத்துப் பாருங்கள். கறுத்த இமையில் இவை விளக்கேற்றினாற்போல் துலங்குகின்றன. வெளுத்த இமையில் இந்தத் துலக்கம் வருவதில்லை. காரணம், இவற்றில் உள்ளது காக்காய்ப்பொன் என்று நாம் சொல்லும் அப்பிரகத்தின் மெல்லிய தகடு. அதன்மேல் இரும்புத் துரு படிந்திருக்கும். ஒளியைத் திருப்பி அடிப்பது அதன் வேலை. பின்புறம் கறுத்திருக்க இருக்க அந்த ஒளி எடுப்பாகத் தெரியும். இந்த அப்பிரகத்தை ஜார்க்கண்டின் கோடர்மா, கிரிடிப் பக்கங்களில் பள்ளிக்கூடம் போகவேண்டிய குழந்தைகள் பொறுக்கி விற்றதும் வெளிவந்த உண்மைதான். மினுக்கு வாங்குகிறவர்கள் அதையும் அறிந்திருக்கவேண்டும்.

அப்படியானால் கன்னத்துக்கு எதுதான் ஆகும் என்று கேட்கலாம். நாவற்பழ நிறம், மாதுளை நிறம், காய்ந்த மிளகாய்ச் சிவப்பு, மாநிறத்துக்குச் செங்கல் நிறம் ஆகிய இவை. டப்பாவில் பார்க்கும்போது “ஐயோ, இவ்வளவு சிவப்பா!” என்று பயமாயிருக்கும், கன்னத்தில் போட்டபின் ஓடிவந்து நின்றவர் முகத்தில் ரத்தம் ஏறினாற்போல் இயல்பாயிருக்கும். வெள்ளைக் கலப்பு குறைந்திருப்பதே காரணம். இந்த நிறங்களைக் கடைக்காரர்கள் “யாரும் கேட்பதில்லை” என்று பின் அலமாரியில் போட்டிருக்கிறார்கள். காட்டாத சரக்கை யார் கேட்பார்கள்? நாற்பது பாகைக்கு மேல் போகும் வேலூர் வெயிலில், களிம்பாயுள்ள பூச்சு வியர்வையோடு வழுக்கிக்கொண்டு போகும். பொடியாயுள்ளதை லேசாக அழுத்தி வைத்தால் அதைவிட நேரம் நிற்கும்.

செய்ய மனமிருந்தால் கம்பெனிகளால் செய்யவும் முடியும். 2017-இல் ரியானா என்னும் கறுப்பினப் பாடகியார் ஃபென்டி பியூட்டி கம்பெனியைத் துவக்கி, முகத்தின் அடிப்பூச்சை ஒரே சமயத்தில் 40 நிறங்களில் கொண்டுவந்தார். மிகக் கறுத்த நிறங்கள் பல கடைகளில் விரைவில் தீர்ந்துபோயின. அதற்குப் பின்தான் மற்றக் கம்பெனிகளுக்கும் உலகில் கறுத்தவர்கள் இருப்பது கண்ணில் பட்டது.

இனி அந்தக் கிரீம் சங்கதி. “ஃபேர் அண்ட் லவ்லி” 1975-இல் இந்நாட்டில் விற்பனைக்கு வந்தது. வெளுத்தால்தான் வேலை, வெளுத்தால்தான் கலியாணம் என்று பல வருஷம் விளம்பரம் செய்துவிட்டு, 2020-இல் பெயரில் இருந்த வெளுப்பை எடுத்து “குளோ அண்ட் லவ்லி” ஆக்கினார்கள். இது போகட்டும். இதைவிட ஆபத்தானவை, எங்கே செய்தது, என்ன கலந்தது என்றே எழுதாமல் வரும் வெளுப்புக் கிரீம்கள். அவற்றில் சிலவற்றில் பாதரசம் கலக்கிறார்கள். தோலுக்கு நிறம் தரும் மெலனின் ஊறுவதை அது தடுக்கும். கொஞ்ச நாள் வெளுத்தாற்போல் தோன்றும். உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கேரளத்து மலப்புறம் பக்கத்தில் இத்தகைய கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் கண்டதை 2023-இல் டாக்டர்கள் கண்டு எச்சரித்தார்கள். கன்னப்பொடி பிடிக்காவிட்டால் கழுவினால் போயிற்று. கெட்டுப்போன சிறுநீரகத்தை எதைக்கொண்டு கழுவுவது?

இதைப் படிக்கும் வைதிகர் ஒருவர், “குடும்பப் பெண்கள் முகத்தில் வர்ணம் பூசலாமா?” என்று சீறக்கூடும். தன் நெற்றியில் வெள்ளையும் சிவப்பும் மஞ்சளுமாகத் தீட்டிக்கொண்டு, பெண் கன்னத்தில் ஒரு சிவப்பு வைத்தால் ஆபாசம் என்கிறவருக்கு நாம் பதில் சொல்லவேண்டியதில்லை. நம் தோழர்களிலும் சிலர், “அலங்காரமே அடிமைத்தனம், எல்லாவற்றையும் தூக்கி எறியவேண்டும்” என்கிறார்கள். வேண்டாமென்று ஒரு பெண் தானாக எறிந்தால் அது அவள் இஷ்டம். ஆனால் மீசைக்கு மை தடவிக்கொண்டு அவளுக்கு உத்தரவு போட நாம் யார்? பூசுவதும் பூசாததும் அவள் காரியம். தன் நிறத்துக்கு வெட்கப்பட்டுப் பூசுகிறாளா, தன் முகம் தனக்குப் பிடித்துப் பூசுகிறாளா என்பதே நாம் கவலைப்படவேண்டிய விஷயம்.

அந்த வெட்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது கடைக்காரர் மாத்திரமா? குழந்தை பிறந்ததும் “பெண்ணா?” என்று கேட்டு, அடுத்தபடி “கறுப்பா?” என்று கேட்கிற பாட்டி கற்றுக்கொடுத்தாள். பெண் பார்க்க வந்து, “நிறம் கொஞ்சம் மட்டு” என்று அதற்கும் சேர்த்துப் பவுன் கேட்கிறவன் கற்றுக்கொடுத்தான். வர்ணம் என்றால் நிறம். இந்நாட்டில் ஜாதிப் பிரிவுக்கும் அதே பெயர்தான். தோலைத் தொட்டுப் பிழைப்பவனைத் தாழ்ந்தவன் என்று ஒதுக்கி, அவன் பதனிட்ட தோலைக் காலில் மாட்டிக்கொண்டு நடந்தவர்களின் தேசமல்லவா இது?

நம் தொழிலாளிக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். கறுப்பு ஆடு, வெள்ளை ஆடு, செம்மறி எல்லாம் ஷாப்புக்கு வருகின்றன. சுண்ணாம்புத் தொட்டியில் ஊறி மயிரும் மேல் சவ்வும் போய்விட்டால், எது கறுப்பு ஆட்டின் தோல், எது வெள்ளை ஆட்டின் தோல் என்று பிரித்துச் சொல்வது கடினம். குரோம் ஏறினால் எல்லாம் ஒரே நீலம். மனிதனின் நிறமும் மேலே உள்ள அந்த மெல்லிய சவ்வில்தான் இருக்கிறது. நிறத்தை ஊற வைக்கும் அணுக்கள் கறுத்தவனுக்கும் வெளுத்தவனுக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அவை எவ்வளவு ஊற வைக்கின்றன என்பதில்தான் வித்தியாசம். அந்த ஊற்றும் வெயிலிலிருந்து உடம்பைக் காக்கவே இருக்கிறது. காகிதத்தைவிட மெல்லிய இந்தச் சவ்வை வைத்துக்கொண்டா ஒரு பெண்ணின் யோக்கியதைக்கு விலை பேசுவது?

ஆதலால் நம் சகோதரிகளுக்குச் சொல்லுவது இதுதான். எந்தப் பூச்சையும் புறங்கையில் பார்க்காமல் கன்னத்தில் பாருங்கள். கடையின் ட்யூப் லைட்டில் பார்க்காமல் வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கம்பெனிப் பெயரும் சரக்கின் விவரமும் இல்லாத டப்பாவைத் தொடாதீர்கள். சீசன் என்று சொல்லி வெளிறியதைக் காட்டினால், பின் அலமாரியில் இருப்பதை எடுக்கச் சொல்லுங்கள். “உங்க கலருக்கு எடுக்காது” என்று யாராவது சொன்னால், “எங்க கலருக்கு எடுக்கிற சரக்கைக் கொண்டாங்க பாய், அப்புறம் வாங்கிக்கிறோம்” என்று சொல்லிவிட்டு, காசை முடிந்துகொண்டு வீட்டுக்குத் திரும்புங்கள். பத்துப் பெண்கள் இப்படித் திரும்பினால், அடுத்த மாதச் சம்பள நாளைக்குள் பின் அலமாரிச் சரக்கு முன்னால் வந்துவிடும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம்.