72 மணி நேரம்: சென்னை–மயிலைப் பேராயருக்கு ஒரு திறந்த மடல்

மேதகு பேராயர் ஆண்டவர் அவர்களுக்கு,



கும்மிடிப்பூண்டி சிப்காட்டை ஒட்டிய பங்கு ஒன்றைச் சேர்ந்த செவிலி நான். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணொருத்தி நம் கத்தோலிக்க மருத்துவமனை ஒன்றின் வாசலுக்கு வந்தால், அவளுக்கு அவசர கருத்தடை மாத்திரை கிடைக்குமா என்பதைத் தாங்கள் எழுத்தில் அறிவிக்க வேண்டும். ‘கிடைக்கும்’ என்று அறிவிக்க வேண்டும். திருஅவையின் போதனைக்குள் நின்றுகொண்டேதான் இதைக் கேட்கிறேன்.

எங்கள் பகுதி தங்கள் உயர் மறைமாவட்டத்தின் வடகோடி. ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து பிழைக்க வந்தவர்களும், தென் மாவட்டங்களிலிருந்து வந்த பெண்பிள்ளைகளும் கும்மிடிப்பூண்டியிலும் தேர்வாய் கண்டிகையிலும் லைன் வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ் ஜி.என்.டி. சாலையில் இறக்கிவிட்டால், அங்கிருந்து வீடு வரை நடைதான். தமிழ் தெரியாத பெண்ணுக்குப் போலீஸ் ஸ்டேஷன் என்றால் பயம். அரசு ஆஸ்பத்திரியில் யாரிடம் என்ன சொல்வது என்றும் தெரியாது. ஆனால் அருள்சகோதரி ஒருவரைக் கண்டால் வாய் திறப்பாள். ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் சிஸ்டர்கள் நடத்தும் பள்ளியையும் மருந்தகத்தையும் பார்த்து வளர்ந்தவர்கள் இவர்களில் உண்டு. அந்த நம்பிக்கையோடு வருகிறவளை நாம் எப்படி நடத்துவோம் என்பதுதான் கேள்வி.

இதில் நேரமே எல்லாம். லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், ஒரே மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன். ‘இங்கே இல்லை, திருவள்ளூர் போங்கள்’ என்று சொல்வது சுலபம். மாவட்டத் தலைநகரும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அங்கேதான் இருக்கின்றன. ஆனால் கும்மிடிப்பூண்டி இருப்பது கூடூர் ரயில் பாதையில், திருவள்ளூர் இருப்பது அரக்கோணம் பாதையில். ரயிலில் போவதானால் சென்னைக்குள் சென்று வண்டி மாற வேண்டும். உடம்பெல்லாம் காயத்தோடு இருப்பவளிடம், ஒரு நாள் கூலியையும் இழந்து, இதைச் செய்யச் சொல்வதும் மறுப்பதும் ஒன்றுதான்.

மெடிக்கலில் வாங்கிக்கொள்ளலாமே என்றும் சொல்ல முடியாது. 2005 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமலே விற்க நடுவண் அரசு அனுமதித்த மாத்திரை இது. தமிழ்நாட்டில் இதற்குத் தடை இருப்பதாக எந்த அரசாணையும் சொல்லவில்லை. ஆனாலும் பல ஆண்டுகளாக இங்கே மருந்துக் கடைகளில் இது கிடைப்பது அரிது. பெங்களூருக்கோ புதுச்சேரிக்கோ போகிறவர்களிடம் சொல்லி வாங்கிவரச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். தடையை எழுதினால் யாராவது கையெழுத்துப் போட வேண்டும், நீதிமன்றத்தில் பதில் சொல்ல வேண்டும். எழுதாத தடைக்கு அந்தத் தொல்லை எதுவும் இல்லை. நம் மருத்துவமனைகளும் அப்படியொரு எழுதாத மறுப்பில் ஒளிந்துகொள்ளக் கூடாது என்பதே என் கவலை.

சட்டம் சொல்வதையும் தங்கள் முன் வைக்கிறேன். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 397ஆம் பிரிவு, அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்ற வேறுபாடு இல்லாமல், பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவருக்கு உடனே இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்கிறது. தர மறுத்தால் ஓராண்டு வரை சிறைத்தண்டனை உண்டு என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவு. அந்தச் சிகிச்சையில் அவசர கருத்தடையும் அடங்கும் என்பதை நடுவண் சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் தெளிவாகச் சொல்கின்றன. பருவமெய்திய சிறுமி என்றால், இதைப் பற்றி அவளிடமும் பெற்றோரிடமும் பேசியாக வேண்டும் என்கின்றன 2020 போக்சோ விதிகள். போலீஸ் மெமோ வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்திவைக்கவும் அந்த விதிகள் இடம் தரவில்லை.

ஆண்டவரே, சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்காக இதை எழுதவில்லை. சட்டம் மட்டும்தான் நம்மை அசைக்கும் என்றால் அது நமக்குப் பெருமை இல்லை. நம் போதனையையே எடுத்துக்கொள்வோம்.

வாழ்வுக்கான திருப்பீடக் கல்விக்கழகம் 2000ஆம் ஆண்டு இந்த மாத்திரையை எதிர்த்தது. 2008இல் வந்த ‘டிக்னிதாஸ் பெர்சோனே’ என்ற திருப்பீட ஆவணமும், கருவுற்ற உயிர் கருப்பையில் ஒட்டாமல் தடுக்கும் முறைகளைக் கண்டித்தது. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன், பகிர்ந்தும் கொள்கிறேன். ஆனால் அந்த எதிர்ப்பின் அடிப்படை மருத்துவம் சார்ந்தது. இந்த மாத்திரை சினைமுட்டை வெளிவருவதைத் தள்ளிப்போட்டே வேலை செய்கிறது, ஏற்கெனவே தங்கிய கருவைக் கலைப்பதில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். கரு ஒட்டுவதை இது தடுக்காது என்று 2022 டிசம்பரில் அமெரிக்க மருந்து நிர்வாகமும் மாத்திரையின் குறிப்பைத் திருத்தியது.

அமெரிக்க ஆயர்கள் தங்கள் மருத்துவமனைகளுக்கு வகுத்த நெறிகளில் 36ஆவது, வன்கொடுமைக்கு ஆளான பெண் கருவுறாமல் தன்னைக் காத்துக்கொள்ளலாம் என்கிறது. கருத்தரித்ததற்கான அறிகுறி சோதனையில் இல்லையென்றால் மருந்து தரலாம். 2007இல் கனெக்டிகட் மாநிலம் எல்லா மருத்துவமனைகளும் இதைத் தரவேண்டும் என்று சட்டம் இயற்றியபோது, முதலில் எதிர்த்த ஆயர்கள் பின்னர் கர்ப்பப் பரிசோதனை மட்டும் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். 2012 டிசம்பரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் இரண்டு கத்தோலிக்க மருத்துவமனைகள் வன்கொடுமைக்கு ஆளான பெண்ணொருத்தியைத் திருப்பி அனுப்பின. அந்நகரின் பேராயர் கர்தினால் மைஸ்னர் வெளிப்படையாக வருந்தினார். கருத்தரிப்பைத் தடுக்கும் மாத்திரை என்றால் வன்கொடுமைக்குப் பின் தரலாம் என்று அறிவித்தார். 2013 பிப்ரவரியில் ஜெர்மானிய ஆயர் பேரவையும் அவ்வாறே முடிவெடுத்தது.

இவற்றுக்கெல்லாம் முன்பே, 1961இல், காங்கோவில் வன்கொடுமை அச்சத்தில் இருந்த அருள்சகோதரிகள் கருத்தடை மாத்திரை எடுக்கலாமா என்ற கேள்வி ரோமில் எழுந்தது. அது தற்காப்பு, எடுக்கலாம் என்று இறையியல் அறிஞர்கள் மூவர் எழுதினார்கள். கன்னியருக்குப் பொருந்திய தற்காப்பு, லைன் வீட்டில் இருக்கும் தொழிலாளிப் பெண்ணுக்குப் பொருந்தாதா?

பெண்களின் துன்பம் கண்டு திருஅவை தன் விதியையே தளர்த்திய வரலாறு நம் மண்ணுக்கு உண்டு. அருள்சகோதரிகள் பிரசவம் பார்க்க ஒரு காலத்தில் அனுமதி இல்லை. ஆண் மருத்துவரிடம் போக முடியாமல் இந்தியப் பெண்கள் மடிவதை அன்றைய இந்தியாவின் ராவல்பிண்டியில் கண்ட மருத்துவர் அன்னா டெங்கல் அதை ரோமுக்கு எடுத்துச் சொன்னார். 1936இல் அனுமதி வந்தது. குண்டூரில் பணியாற்றிய அருள்சகோதரி மருத்துவர் மேரி க்ளோரி 1943இல் தொடங்கியதுதான் இன்றைய இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம். அந்த மரபில் வந்தவர்கள் நாம்.

இனி மனச்சான்று. நம் அரசியலமைப்பின் 25ஆம் பிரிவு எல்லா மனிதருக்கும் மனச்சான்றுச் சுதந்திரம் தருகிறது. பொது அமைதி, ஒழுக்கம், உடல்நலம் ஆகியவற்றுக்கு உட்பட்டே தருகிறது. என்னோடு வேலை செய்யும் ஒரு செவிலிக்கு இந்த மாத்திரையைத் தன் கையால் கொடுக்க மனம் ஒப்பவில்லை என்றால் அவளை வற்புறுத்தக் கூடாது என்பதில் நான் உறுதி. ஆனால் அவள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். அந்த டூட்டியில் வேறொருவர் இருக்க வேண்டும். நள்ளிரவில் நோயாளி வந்து நின்ற பிறகு, காரணம் சொல்லாமல் ‘நாளைக்கு வா’ என்று அனுப்புவதற்கு மனச்சான்று என்று பெயர் வைக்கக் கூடாது. வந்து நிற்கிறவளுக்கும் மனச்சான்று உண்டு. மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை எல்லாம் தெரிந்துகொண்டு முடிவு செய்ய வேண்டியவள் அவள்.

ஆகவே மறைமாவட்டத்திலுள்ள எல்லாக் கத்தோலிக்க மருத்துவமனைகளுக்கும் மருந்தகங்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்ப வேண்டுகிறேன். வன்கொடுமைக்கு ஆளானவர் வந்த உடனே கர்ப்பப் பரிசோதனை செய்து, விளக்கிச் சொல்லி, அவர் கேட்டால் மாத்திரை தரவேண்டும். இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கிடைக்கும்படி கேஷுவாலிட்டி அலமாரியில் அது இருக்க வேண்டும். மறுக்க விரும்பும் பணியாளர் எழுதிக் கொடுக்கவும், மாற்று ஆள் நிற்கவும் ஏற்பாடு வேண்டும். மாத்திரை இல்லாத சிறு மருந்தகம் என்றால், அது இருக்கும் இடத்துக்குத் தன் செலவில், தன் ஆளோடு அந்தப் பெண்ணை அழைத்துப் போக வேண்டும். மற்றச் சூழல்களில் கருத்தடை பற்றிய திருஅவையின் நிலைப்பாடு தாங்கள் அறிந்ததே. அதன்படி எந்தச் சேவை தருவதில்லையோ அதை வரவேற்பு மேசையிலேயே பலகையில் எழுதி வையுங்கள். அலைக்கழிக்காமல் இருப்பதும் அன்பே.

இன்னொன்றும் கேட்கிறேன். தமிழக அரசுடன் பேசும் இடத்தில் தாங்கள் இருக்கிறீர்கள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு மருத்துவமனைகளில் எந்நேரமும் இந்தச் சிகிச்சை கிடைப்பதை உறுதிசெய்யச் சொல்லுங்கள். ஒரு பேராயர் கேட்டால் அதற்குத் தனி எடை உண்டு.

சுற்றறிக்கை வந்தால், அதன் சாரத்தைத் தமிழிலும் ஹிந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டுப் பெண்கள் விடுதிகளிலும் லைன் வீடுகளிலும் கொண்டுசேர்க்கும் வேலையை நானும் உடன் பணிபுரியும் செவிலியர் சிலரும் ஏற்றுக்கொள்கிறோம். தங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோம்.

இறையேசுவில்,
தங்கள் மறைமாவட்டத்துச் செவிலி ஒருத்தி
கும்மிடிப்பூண்டி